அயனாவரத்து வீட்டுக் கணினியின் மந்தம் தீர்ந்த விதம்

சென்னை அயனாவரத்தில் என் பெரியப்பா வீட்டில் உள்ள மேசைக் கணினி, 2014-ஆம் ஆண்டு ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்யப்பட்டது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3 புராசசர், ஹெச்81 சிப்செட் கொண்ட மதர்போர்டு, ஒற்றைக் குச்சியாக 4 ஜிபி டிடிஆர்3 ரேம், நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஆகியவை அதன் உறுப்புகள். முதலில் விண்டோஸ் 7 இருந்தது. பின்னர் இலவசமாகக் கிடைத்த விண்டோஸ் 10-க்கு மாற்றப்பட்டது. பெரியப்பா அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் கடிதங்கள், குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு, வெளியூரில் இருக்கும் மகளோடு வீடியோ அழைப்பு, மின் கட்டணம், ரயில் டிக்கெட் ஆகியவையே அவருடைய தேவைகள்.

அண்மைக் காலத்தில், பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து பிரவுசரில் ஒரு பக்கம் முழுதாகத் திறப்பதற்கு ஒன்பது நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. “அதுக்கு வயசாயிடுச்சுப்பா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாமா?” என்று பெரியப்பா கேட்டார். பக்கத்தில் இருந்த சர்வீஸ் கடையிலோ, ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். இந்த இரண்டு வழிகளுமே, கணினி எந்த இடத்தில் காத்துக் கிடக்கிறது என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. மந்தமான கணினி ஒன்றில் எல்லாப் பாகங்களும் மந்தமாக இருப்பதில்லை. பெரும்பாலும் ஏதோ ஒன்று பதில் சொல்லத் தாமதிக்க, மற்றவை அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த ஒன்று ரேமா, டிஸ்க்கா, வெப்பமா, இணைய இணைப்பா என்பதை அளந்து பார்க்கும்வரை ஒரு ரூபாயும் செலவு செய்வதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டே வேலையைத் தொடங்கினேன்.

அளப்பதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும்; அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிதான் முதலில் பார்க்க வேண்டிய இடம். அங்கே சிபியு (புராசசர்) பக்கத்தில், கணினி தொடர்ந்து ஓடும் காலத்தைச் சொல்லும் ‘அப்டைம்’ என்ற எண் பல வாரங்களைக் காட்டியது. பெரியப்பா இரவுதோறும் ஒழுங்காக ஷட் டவுன் செய்பவர் என்பதால் அது அவருக்கு வியப்பாக இருந்தது. விண்டோஸ் 10-இல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயல்பாகவே செயல்பாட்டில் இருக்கும். அந்நிலையில் ஷட் டவுன் கொடுத்தாலும் இயங்குதளத்தின் கருப்பகுதி முழுமையாக மூடப்படாமல், அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அங்கிருந்தே தொடர்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே முதலில் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு அளப்பதே முறை. அப்படிச் செய்தும் இங்கே பெரிய மாற்றம் இல்லை.

டிஸ்க் பக்கத்தைத் திறந்ததும் விஷயம் வெளிப்பட்டது. ‘ஆக்டிவ் டைம்’ 100 விழுக்காட்டிலேயே நின்றது. அதே நேரத்தில் உண்மையாகப் படிக்கப்பட்ட தரவின் அளவு விநாடிக்கு ஒரு எம்பியைக்கூடத் தொடவில்லை. அதன் கீழே ‘ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்’ என்ற எண் ஆயிரம் மில்லி விநாடியைத் தாண்டி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 100 விழுக்காடு மட்டும் தெரிந்தால், டிஸ்க்குக்கு நிறைய வேலை இருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். 100 விழுக்காடும் மிகக் குறைந்த தரவும் சேர்ந்து தெரிந்தால், டிஸ்க் ஏதோ ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப முயல்கிறது, அல்லது சின்னஞ்சிறு துண்டுகளைத் தேடித் தட்டு முழுவதும் அலைகிறது என்று பொருள்.

அலைச்சல் எவ்வளவு இயல்பு, எந்த அளவுக்கு மேல் நோய் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி ஆகிறது. வேண்டிய இடம் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல். தலை நகர்ந்து உரிய தடத்துக்குப் போக இன்னொரு 8 அல்லது 9 மில்லி விநாடி. ஆக, நல்ல நிலையில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கே சிதறிக் கிடக்கும் துண்டுகளை விநாடிக்கு 80 அளவில்தான் எடுத்துத் தர முடியும். விண்டோஸ் தொடங்கும்போது இப்படிப்பட்ட சிறு துண்டுகளை ஆயிரக்கணக்கில் கேட்பதால், ஆரோக்கியமான ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியும் ஓரிரு நிமிடம் எடுத்துக்கொள்வது இயற்கை. ஆனால் ஒரு கோரிக்கைக்குப் பதில் வர ஒரு முழு விநாடி ஆவதை எந்தச் சுழற்சிக் கணக்காலும் விளக்க முடியாது. அங்கே தட்டிலேயே பழுது இருக்க வேண்டும்.

அதை உறுதி செய்ய கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் பதிவேட்டை அது படித்துக் காட்டுகிறது. மஞ்சள் நிறத்தில் ‘காஷன்’ என்று வந்தது. அந்த நிறத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் வரிகளையும் படிக்க வேண்டும். 05 என்ற வரிசை, பழுதாகி மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (தட்டில் தரவு எழுதப்படும் சிறு கட்டங்களின்) எண்ணிக்கை. சி5 என்பது, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. சி6 திருத்த முடியாதவை. சி7 என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே கேபிளில் ஏற்படும் பிழைகள். இந்த டிஸ்க்கில் முதல் மூன்றிலும் எண்கள் ஏறியிருந்தன. சி7 மட்டும் பூஜ்யம். எனவே கேபிளை மாற்றுவதால் பயனில்லை என்பது அங்கேயே தெளிவாயிற்று. இந்த மென்பொருள் மூல மதிப்புகளைப் பதினாறடிமான எண்ணாகவே இயல்பாகக் காட்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. திரையில் 38 என்று தெரிந்தால் அது உண்மையில் 56. அமைப்பில் பதின்மானத்துக்கு மாற்றிவிட்டுப் படிப்பது நல்லது.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரும் அதையே வேறு வாயால் சொன்னது. சிஸ்டம் பதிவில் ‘டிஸ்க்’ என்ற மூலத்திலிருந்து 7 என்ற எண்ணுள்ள பிழைகள், அதாவது மோசமான பிளாக் இருக்கிறது என்ற அறிவிப்புகள், வரிசையாகக் கிடந்தன. இடையிடையே 153 என்ற எண்ணுள்ளவை, ஒரு கோரிக்கையை மீண்டும் முயன்றதாகச் சொல்பவை. வீட்டுப் பயன்பாட்டுக்கான டிஸ்க்குகள் படிக்க முடியாத செக்டரை எளிதில் கைவிடாமல் பல விநாடிகள் முயன்று பார்க்கும். அத்தனை நேரமும் அந்தத் தரவைக் கேட்ட நிரல் அசையாமல் நிற்கும். பெரியப்பா “மௌஸ் நகருது, ஆனா ஒண்ணும் திறக்க மாட்டேங்குது” என்று விவரித்தது துல்லியமாக இந்த நிலையைத்தான்.

இந்தக் கட்டத்தில் செய்யக் கூடாதவற்றைத் தனியே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் புகைப்படங்கள் தொலைவது இங்கேதான். சாகக் கிடக்கும் டிஸ்க்கில், சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் ஓட்டக் கூடாது. டிஸ்க் முழுவதையும் தேடிப் பழுதான செக்டர்களைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் கட்டளையையும் தரவைக் காப்பாற்றும் முன் கொடுக்கக் கூடாது. இரண்டுமே தட்டு முழுவதையும் உழுபவை. மிச்சம் இருக்கும் உயிரை அவை தின்றுவிடும். கடையில் சொன்னபடி ஃபார்மட் செய்து அதே டிஸ்க்கில் விண்டோஸைப் போட்டிருந்தால், சில வாரங்களுக்கு வேகம் கூடியதுபோல் தோன்றிவிட்டு, பழுது பரவியதும் பழைய நிலையே திரும்பியிருக்கும். அதற்குள் கோப்புகள் போயிருக்கும்.

ஆகவே அன்றே கணினியை நிறுத்திவிட்டு, ஒரு புதிய 1 டிபி வெளி டிஸ்க்கை வாங்கி வந்து, பென் டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைத் தொடங்கினேன். இதனால் பழைய டிஸ்க்கில் விண்டோஸ் எதையும் எழுதாது. நாம் கேட்பதை மட்டுமே அது படிக்கும். நகலெடுக்கப் பயன்படுத்தியது, பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் குனு டிடிரெஸ்க்யூ என்ற நிரல். சாதாரண நகல் முறை ஒரு கெட்ட செக்டரில் முட்டினால் அங்கேயே நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ அப்படியல்ல, முதல் சுற்றில் எளிதில் படிக்கக் கூடிய பகுதிகளை எல்லாம் வாரிக்கொண்டு, தகராறு செய்யும் இடங்களைத் தாண்டிக் குதித்துப் போய்விடும், நல்ல பகுதி முழுவதும் பத்திரமான பிறகே கெட்ட இடங்களின் ஓரங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாக முயலும். எது முடிந்தது, எது பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் அது குறித்துக்கொண்டே வருவதால், நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அயனாவரத்தில் அன்றிரவு கரன்ட் போகவும் செய்தது. பழைய யுபிஎஸ் சில நிமிடங்களே தாங்கியது. மறுபடி தொடங்கியபோது டிடிரெஸ்க்யூ முன்பு படித்த எதையும் மீண்டும் தொடவில்லை.

விடியும்போது 500 ஜிபியில் சில நூறு கேபி தவிர மற்ற அனைத்தும் வந்திருந்தன. அந்தச் சில நூறு கேபி எந்தெந்தக் கோப்புக்குள் விழுந்தது என்பதைக் கண்டுபிடிக்காமல் விட மனமில்லை. பத்து ஆண்டுக் கணக்கு வழக்கில் ஒரு கோப்பு மௌனமாகக் கெட்டுப்போயிருந்தால் அது தெரியவரும் நாளில் எதுவும் செய்ய முடியாது. அதற்கு அழகான வழி ஒன்று உண்டு. நகலில் படிக்கப்படாத இடங்களை மட்டும் நாம் விரும்பும் ஒரு குறிச்சொல்லால் நிரப்பும்படி டிடிரெஸ்க்யூவிடம் சொல்லலாம். பிறகு அந்த நகலை ஒரு டிஸ்க் போலத் திறந்து (மவுன்ட் செய்து), அதே சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கிரெப் கட்டளையால் தேடினால், பாதிக்கப்பட்ட கோப்புகளின் பெயர்கள் மட்டும் வரிசையாக வந்துவிடும். வந்தவற்றில் பெரும்பாலானவை விண்டோஸின் சொந்தக் கோப்புகள். பெரியப்பாவுக்கு உரியது ஒரு கல்யாண வீடியோ மட்டுமே. அதன் மூலக் குறுந்தகடு பீரோவில் இருந்தது.

கோப்புகள் வந்துவிட்டன என்பதோடு தமிழ் வீடுகளில் வேலை முடிவதில்லை. பெரியப்பாவின் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய வானவில் எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அவற்றில் தமிழ் எழுத்துகள், ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களில் குடியேறி இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், திரை முழுவதும் பொருளற்ற ரோமன் எழுத்துகளும் குறிகளும் நிற்கும். புதிதாக இயங்குதளம் போடும்போது ‘மை டாக்குமென்ட்ஸ்’ மட்டும் நகலெடுத்துவிட்டு, விண்டோஸ் அடைவுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் அடைவை மறந்துவிட்டால், கோப்பு இருந்தும் கடிதம் இல்லை என்றாகிவிடும். எனவே முழு நகலிலிருந்து முதலில் தனியே எடுத்து வைத்தது எழுத்துருக் கோப்புகளைத்தான். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தகுதரமாக அறிவித்துவிட்டது. ஆயினும் அதற்கு முன்பும், வழக்கம் விடாததால் அதற்குப் பின்பும் பழைய எழுத்துருக்களில் எழுதப்பட்ட ஆவணங்கள் வீடுகளில் குவிந்து கிடக்கின்றன. அவற்றை மாற்றும் மென்பொருள்கள் இருக்கின்றன. மாற்றிய பிறகு கொம்பு வரும் சொற்களைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய எழுத்துருவில் கொம்பு மெய்க்கு முன்னால் பதிவாகியிருக்கும், ஒருங்குறியில் மெய்க்குப் பின்னால் பதிவாக வேண்டும். இந்த இடமாற்றத்தில் பிசகினால் ‘கொடுத்த’ என்பது உருக்குலைந்துவிடும்.

தரவு பத்திரமானதும், பென் டிரைவிலிருந்து ஓடிய அதே லினக்ஸில் வெப்பத்தைப் பார்த்தேன். டிஸ்க் ஒன்றுதான் காரணம் என்று அங்கேயே நின்றுவிடாமல் இதையும் பார்த்தது நல்லதாயிற்று. புராசசரின் எல்லா இழைகளுக்கும் வேலை கொடுத்துச் சென்சார் அளவைக் கவனித்தபோது, சில நிமிடங்களுக்குள் அது 95 டிகிரி செல்சியஸைத் தாண்டி 100-ஐ நோக்கிப் போயிற்று. இயங்குதளக் கருப்பகுதியின் (கெர்னல்) பதிவில், வெப்ப எல்லை மீறியதால் வேகம் குறைக்கப்பட்டது என்ற வரி தோன்றத் தொடங்கியது. தன்னைக் காத்துக்கொள்ளப் புராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. பெரியப்பா “வீடியோ கால் போட்டா அஞ்சு நிமிஷத்துல திக்கித் திக்கி வருது” என்று சொல்லி வந்ததற்கு டிஸ்க்கைவிட இதுவே பொருத்தமான காரணம்.

பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டு உடலில் இருந்த நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, பக்கத் தகட்டைக் கழற்றினேன். மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணி அயனாவரம் வழியே நடந்த காலத்தில் ஜன்னலோரம் இருந்த கணினி அது. புராசசரின் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு இடையே சாம்பல் நிறத் தூசு கம்பளி போல் படிந்து, காற்றுப் போக வழியே இல்லாமல் அடைத்திருந்தது. அதைவிட முக்கியமான ஒன்றும் கண்ணில் பட்டது. இன்டெல்லோடு வரும் கூலர், அதாவது ஹீட் சிங்க்கும் மின்விசிறியும் சேர்ந்த பாகம், நான்கு மூலைகளில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளால் மதர்போர்டில் பிடிப்பிக்கப்படுவது. அவற்றில் ஒன்று, மின்விசிறி வயருக்கு அருகில் இருப்பது, துளையை விட்டு மேலே எழும்பி நின்றது. ஒரு மூலை தூக்கிக்கொண்டால் கூலரின் அடிப்பரப்பு புராசசர்மேல் சரிவாக உட்காரும். இரண்டுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தப் பூசும் பேஸ்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வெப்பம் ஒழுங்காகக் கடக்காது.

கூலரைக் கழற்றும் முன் கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தினால், இறுகிய பேஸ்ட் இளகிக் கொடுக்கும். நான்கு ஊசிகளின் தலைகளையும் அவற்றின் மேல் உள்ள அம்புக்குறித் திசையில் கால் திருப்பம் திருப்பி மேலே இழுத்து, கூலரை இலேசாக இடமும் வலமும் அசைத்து எடுத்தேன். இந்த வகை இன்டெல் சாக்கெட்டில் புராசசர் இரும்புச் சட்டத்துக்குள் பூட்டப்பட்டிருப்பதால் கூலரோடு ஒட்டிக்கொண்டு வராது. ஏஎம்டி நிறுவனத்தின் பழைய புராசசர் வகைகளில் அப்படிப் பிடுங்கிக்கொண்டு வந்து கால்கள் வளைந்துபோகும் ஆபத்து உண்டு. அங்கே இன்னும் பொறுமை தேவை. பேஸ்ட் பொரிந்து சுண்ணாம்புத் தூள் போல உதிர்ந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரு பரப்புகளையும் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்தேன். மின்விசிறியைப் புளோயரால் ஊதும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் கெடும். திரும்பப் பூட்டுகையில் எதிரெதிர் மூலைகளாக இரண்டிரண்டு ஊசிகளை அழுத்தி, ஒவ்வொன்றும் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்வதைக் கேட்டதோடு நில்லாமல், மதர்போர்டின் பின்புறத்தில் நான்கு வெள்ளை நுனிகளும் விரிந்து நிற்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். அதே சோதனையை மீண்டும் நடத்தியபோது, மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், வெப்பம் 66 டிகிரிக்கு மேல் ஏறவில்லை.

பாகங்கள் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் அந்தத் தெருவிலும் அதையொட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் பழைய கணினிகளுக்கு வேண்டிய அநேகமாக எல்லாமே இன்றும் கிடைக்கின்றன. டிடிஆர்3 ரேம் வாங்கும்போது ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். மிக மலிவாகக் கிடைக்கும் குச்சிகளில் ஒரு வகை ஏஎம்டி மதர்போர்டில் மட்டுமே ஓடும். இன்டெல் போர்டில் செருகினால் கணினி திரையே காட்டாது. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. “அண்ணே, இது இன்டெல் போர்டுல ஓடுமா?” என்று கேட்டதும், கடைக்காரர் கையில் எடுத்திருந்ததை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். “அது ஏஎம்டிக்குத்தான் சார், இத எடுத்துக்குங்க, ஓடலன்னா மாத்தித் தரேன்” என்றார். பழைய குச்சியைப் போலவே 1600 வேகத்தில் இன்னொரு 4 ஜிபி வாங்கினேன். மொத்தம் 8 ஜிபி ஆவதோடு, இரண்டு குச்சிகளும் இரண்டு சேனல்களில் இணையாக வேலை செய்யும் என்பது கூடுதல் நன்மை. வீட்டுக்கு வந்ததும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை இரவெல்லாம் ஓட்டிப் பிழை ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். பயன்படுத்திய ரேம் வாங்குகிறவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

பழைய ரேம் குச்சியின் தங்க நிறப் பற்களில் கறை ஏறியிருந்தது. பென்சில் ரப்பரால் தேய்ப்பது ஊர் வழக்கம். அது மேற்பூச்சைச் சுரண்டக் கூடியது என்பதால் நான் ஆல்கஹாலையே பயன்படுத்தினேன். மதர்போர்டில் தேதியையும் நேரத்தையும் காக்கும் சிஆர்2032 பேட்டரியும் தீர்ந்திருந்தது. மூன்று வோல்ட் நாணயப் பேட்டரிதான். ஆனால் அது தீர்ந்தால் தேதி பின்னோக்கிப் போய், பாதுகாப்பான இணையப் பக்கங்கள் திறக்க மறுக்கும், அதையும் ‘நெட் ஸ்லோ’ என்றே எண்ணிக்கொள்வார்கள்.

டிஸ்க்குக்குப் பதிலாக 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 480 ஜிபி. சுழலும் தட்டோ நகரும் தலையோ இல்லாததால், ஹார்ட் டிஸ்க் 12, 13 மில்லி விநாடியில் எடுத்துத் தருவதை இது 0.1 மில்லி விநாடி அளவில் தந்துவிடுகிறது. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் விநாடிக்கு 550 எம்பி என்ற வேகத்தைவிட, வீட்டுக் கணினிக்கு உயிர் கொடுப்பது இந்தச் சிறு எண்தான். ஹெச்81 சிப்செட்டில் சாட்டா துளைகள் நான்கில் இரண்டு மட்டுமே 6 ஜிபிட் வேகம் கொண்டவை. அவற்றில் ஒன்றில் செருகினேன். மற்றதில் செருகியிருந்தாலும் அன்றாட வேலையில் வேறுபாடு அதிகம் தெரிந்திருக்காது.

எந்த இயங்குதளம் போடுவது என்பதில்தான் பெரியப்பாவோடு நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும், நான்காம் தலைமுறைக்கு அது முறைப்படி கிடையாது. குறுக்கு வழியில் நிறுவலாம்தான். ஆனால் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கும் கணினியில், அப்டேட் வருமா வராதா என்ற உறுதியற்ற நிலையை நான் ஏற்கவில்லை. 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உள்ள லினக்ஸ் மின்ட் 22-ஐ, இலகுவான எக்ஸ்எஃப்சிஇ திரையோடு நிறுவினேன். “எனக்கு என் கீபோர்டு வேணும்பா, அத மட்டும் மாத்திடாத” என்பதே அவருடைய ஒரே நிபந்தனை. தட்டச்சுப் பயிலகத்தில் இளநிலையும் முதுநிலையும் தேறிய விரல்கள் அவருடையவை. எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பில் தமிழ்99-உடன் பழைய தட்டச்சு அமைப்பும் இருக்கிறது. ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பில் அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். காப்பாற்றி வைத்த வானவில் எழுத்துருக்களையும் நிறுவியதும், பழைய கடிதங்கள் லிப்ரெஆபீஸில் தமிழாகவே திறந்தன. பிரின்டர் தானாகவே அடையாளம் காணப்பட்டது.

இப்போது பவர் பட்டனிலிருந்து பிரவுசரில் பக்கம் திறப்பதுவரை 40 விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. ஒரு மணி நேர வீடியோ அழைப்பிலும் வெப்பம் 60 டிகிரிக்குக் கீழேயே நிற்கிறது. வேகத்தைக் கூட்டியதில் எஸ்எஸ்டிக்கே பெரும்பங்கு; வீடியோ அழைப்பைச் சீராக்கியது கூலர். ரேமின் பங்கு, பல பக்கங்களைத் திறந்து வைத்திருக்கும்போது மட்டுமே தெரிகிறது. பணம் மிகக் குறைவாக இருந்து ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், இதுபோன்ற கணினிக்கு நான் எஸ்எஸ்டியையே சொல்வேன். தூசு தட்டிப் பேஸ்ட் மாற்றுவதற்கு அநேகமாகச் செலவே கிடையாது.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கில் ஆதார், ஓய்வூதிய ஆணை ஆகியவற்றின் நகல்கள் இருந்ததால் அதைப் பழைய இரும்புக் கடையில் போடவில்லை. வெளி டிஸ்க்கில் உள்ள நகலை மேலும் ஒரு முறை சரிபார்த்த பிறகு, மூடியைத் திறந்து தட்டுகளில் டிரில்லால் துளையிட்டு, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்தோம். வெளி டிஸ்க் இனி வாரந்தோறும் காப்பு நகலுக்குப் பயன்படும். அதை எப்போதும் செருகியே வைக்காமல், நகல் முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைக்கும்படி பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். கேபினட்டை ஜன்னலோரத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம் மாற்றி, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பலகைமேல் வைத்தோம். இன்னும் பாக்கி இருப்பது யுபிஎஸ் பேட்டரி. சில நிமிடங்களே தாங்கும் அந்த 12 வோல்ட் பேட்டரியை கத்திரி வெயில் தொடங்கும் முன் மாற்றிவிட வேண்டும். அதே அளவுள்ளதாக, தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்குவதாக இருக்கிறோம்.